அமைதிக்குக் கணக்கு எழுதிய குமரப்பா



போர் ஏன் மூள்கிறது என்று கேட்டால், எல்லைத் தகராறு, மதம், தலைவர்களின் பேராசை என்று அடுக்குவோம். நாம் கடையில் வாங்கும் பொருளிலேயே போரின் வித்து இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தவர் ஒரு தமிழர். தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் நான் படித்த நூல்களில் அவர் பெயரைக் கண்டதில்லை. பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயில வந்த பிறகுதான் ஜே.சி. குமரப்பாவை அறிந்தேன்.

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அன்றைய பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். குமரப்பா என்பது பின்னாளில் ஏற்றுக்கொண்ட முன்னோர் பெயர். இலண்டனில் கணக்காய்வுப் பயிற்சி பெற்று, பம்பாயில் வசதியாகத் தொழில் நடத்தினார். 1927-இல் அமெரிக்கா சென்று சிராக்கியூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் படித்தார். பேராசிரியர் செலிக்மனிடம் பொது நிதி பயின்றபோது, இந்தியாவின் வறுமைக்கு ஆங்கிலேய அரசின் வரவு செலவே பெருங்காரணம் என்று ஆய்ந்து எழுதினார். பிறர் கணக்கைச் சரிபார்த்தவர், ஒரு பேரரசின் கணக்கையே சரிபார்க்கத் தொடங்கினார்!

அந்த ஆய்வேட்டை வெளியிடும் முயற்சிதான் அவரைக் காந்தியடிகளிடம் சேர்த்தது. 1929 மே 9 அன்று சபர்மதி ஆசிரமத்துக்கு மேனாட்டு உடையில் வந்தவர், மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவர்தாம் காந்தி என்று அறிந்ததும் தரையிலேயே அமர்ந்து பேசினார். பின்னர் குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு மாத்தர் வட்டத்தின் கிராமங்களில் பொருளாதாரக் கணக்கெடுப்பு நடத்தினார். பம்பாய்த் தொழிலுக்கு அவர் திரும்பவே இல்லை.

அவருடைய நேர்மைக்கு ஒரு சான்று போதும். 1934 பீகார் நிலநடுக்க நிவாரணப் பணியில் நிதிப் பொறுப்பு அவரிடம் இருந்தது. தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று வரையறுத்தார். காந்தியடிகளும் உடன் வந்தோரும் அங்கு வந்தபோது, அவர்களின் செலவையும் நிவாரண நிதியிலிருந்து தர மறுத்தார். காந்தி அதை மனமுவந்து ஏற்றார்.

அதே ஆண்டில் தோன்றிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்றார். 1940-களில் ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோதுதான் நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை எழுதினார். அது 1945-இல் காந்தியின் முன்னுரையோடு வெளிவந்தது.

அதன் அடிப்படை எளிமையானது. நிலக்கரி, எண்ணெய், உலோகம் ஆகியவை தேங்கிய குளம் போன்றவை. எடுக்க எடுக்கக் குறையும், குறையக் குறையச் சண்டை வரும். காடும் கதிரும் ஓடும் ஆறு போன்றவை. அளவறிந்து எடுத்தால் மீண்டும் தரும். பெரும் ஆலைகள் மூலப்பொருளையும் சந்தையையும் தேடித் தொலைவு செல்கின்றன. அவற்றைக் காக்கப் படையும் பின்னால் செல்கிறது. எனவே அருகில் விளைவதை அருகிலேயே செய்து பயன்படுத்துவது அமைதிக்கான வழி என்றார்.

ஜொகூரில் பிறந்த எனக்கு இக்கருத்து ஏட்டோடு நிற்கவில்லை. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. இந்த வட்டாரத்தின் எண்ணெய், இரப்பர், ஈயம் ஆகியவை அதன் இலக்குகளில் அடங்கும். 1942 ஜனவரி 31 அன்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தைத் தகர்த்தது. பிறகு தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரமாயிரமாய்ச் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பால்மரம் சீவியவர்கள் எந்த நாட்டோடும் பகை கொள்ளவில்லை. அவர்கள் சீவிய பாலுக்காக இரு பேரரசுகள் மோதின. உயிரைக் கொடுத்தவர்கள் இவர்கள். குமரப்பாவின் குளம் நம் தோட்டத்திலும் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

விடுதலைக்குப் பின் காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். உழுபவருக்கும் அரசுக்கும் இடையே நிற்கும் இடைத்தரகர்களை நீக்கும்படி அக்குழுவின் 1949 அறிக்கை பரிந்துரைத்தது. ஆனால் நாடு பெருந்தொழில் வழியைத் தேர்ந்தது. அவர் சொன்ன அனைத்தையும் என்னால் ஏற்க இயலவில்லை. மருந்தும் மின்சாரமும் குடிசைத் தொழிலால் மட்டும் கிடைத்துவிடுமா? ஆயினும் விலைச்சீட்டில் எழுதப்படாத செலவை யார் சுமக்கிறார் என்ற அவரது கேள்விக்கு நம் பாடநூல்கள் இன்னும் முழு விடை தரவில்லை.

இறுதிக் காலத்தில் மதுரைக்கு அருகிலுள்ள தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தார். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே நாளில், சென்னையில் காலமானார். 1973-இல் ஷூமாக்கர் தம் புகழ்பெற்ற நூலில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டபோது மேனாட்டவர் பலர் அவரை அறிந்தனர்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை கணக்காளராகவும் மேலாளராகவும் பணியாற்றுவோம். இலாபத்தைக் கூட்டிக் காட்ட நமக்கு நன்றாகவே கற்றுத் தந்திருக்கிறார்கள். அந்த இலாபம் எந்த மண்ணிலிருந்து, எவர் உழைப்பிலிருந்து வந்தது என்பதற்கும் ஏட்டில் ஒரு வரி ஒதுக்குவோம். அதுவே அந்தத் தமிழருக்கு நாம் செய்யும் நன்றிக்கடன்.