கென்னத் ஆண்டர்சன்

கென்னத் ஆண்டர்சன் (மார்ச் 8, 1910 – ஆகஸ்ட் 30, 1974) தென்னிந்தியக் காடுகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தாளரும் வேட்டைக்காரரும் ஆவார். ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் சுட்டதற்காகப் பரவலாக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இவரது குடும்பம் ஸ்காட்லாந்து வழிவந்தது. பல தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்தது. பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் பயின்றார். பின்னர் அந்நகரின் வானூர்தித் தொழிற்சாலையில் பணியாற்றினார். வேட்டை இவருக்குத் தொழில் அன்று. ஓய்வு நாட்களிலேயே காடு சென்றார். தமிழும் கன்னடமும் அறிந்திருந்ததால் ஊர் மக்களிடமும் பழங்குடியினரிடமும் நேரடியாகச் செய்தி கேட்டறிய முடிந்தது. தமிழகத்தில் ஜவளகிரி, பென்னாகரம், சீகூர் காடுகள் இவரது கதைகளில் இடம்பெறுகின்றன.

துப்பாக்கி

ஆண்டர்சன் பெரிதும் பயன்படுத்தியது .405 வின்செஸ்டர் 1895 வகை ரைபிள். ஜான் பிரௌனிங் வடிவமைத்த இத்துப்பாக்கியில், விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா குழலுக்குள் வந்துவிடும். 1904இல் அறிமுகமான .405 தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 19 கிராம் எடையுடையது. நொடிக்குச் சுமார் 670 மீட்டர் வேகத்தில் பாயும்.

பெருவிலங்கு வேட்டையில் குழலின் அளவு மட்டும் போதாது, குண்டு எவ்வளவு ஆழம் ஊடுருவும் என்பதே முக்கியம். புலி, சிறுத்தை ஆகியவற்றின் தோல் மெல்லியது. அவை பாய்ந்து வரும்போது விரைவாக அடுத்த குண்டைச் சுட வேண்டும். அதற்கு இந்த ரைபிள் ஏற்றது. யானையின் மண்டையோடோ தடித்த, காற்றறைகள் நிறைந்த எலும்பால் ஆனது. அகன்று குட்டையான .405 குண்டு அதற்குச் சற்றுக் குறைவானதே. அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்கா சென்றபோது .405 ரைபிளுடன், யானை போன்ற விலங்குகளுக்கெனக் கனமான இரட்டைக்குழல் ரைபிளையும் கொண்டு சென்றார். ஆண்டர்சனோ மதயானைகளையும் எதிர்கொண்டவர். அங்கே குறி சிறிது தவறினாலும் உயிருக்கு ஆபத்து.

தவறிய குண்டால் ஆபத்து வேட்டைக்காரருக்கு மட்டுமன்று. காயம்பட்டுத் தப்பிய புலி வழக்கமான இரையைப் பிடிக்க இயலாமல் ஆட்கொல்லியாவதுண்டு. நாட்டுத் துப்பாக்கிக் காயங்கள் இவரது கதைகளிலும் பேசப்படுகின்றன.

நூல்கள்

முதல் நூலான 'நைன் மேன் ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்' 1954இல் வெளிவந்தது. பென்னாகரம் பகுதியின் மதயானை பற்றிய கதையும் அதில் உள்ளது. 'தி பிளாக் பாந்தர் ஆஃப் சிவனிப்பள்ளி' (1959) மற்றொரு நூல். காட்டின் ஒலிகள், தடங்கள் பற்றிய பகுதிகள் வேட்டையில் ஆர்வமில்லாதவர்களுக்கும் பயன்படும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய இரண்டு ஆண்டுகளில், 1974இல், புற்றுநோயால் காலமானார். 'ஜங்கிள்ஸ் லாங் அகோ' என்ற நூல் அவரது மறைவுக்குப் பின் 1976இல் வெளியானது.