கொல்லர் மகன் கண்ட காந்தம்

காந்தத்தை எம்.எஸ். துண்டில் வைத்தால் டக்கென்று ஒட்டும். காப்பரில், அலுமினியத்தில் ஒட்டாது. அத்தோடு நாம விட்டுவிடுவோம். ஆனால் ஒட்டாத பொருட்களையும் விடாமல் ஆராய்ந்தார் ஒருவர். அவர்தான் மைக்கேல் ஃபாரடே!

1791 செப்டம்பர் 22-ல் லண்டனை ஒட்டிய ஊரில் பிறந்தார். அப்பா கொல்லர், அடிக்கடி உடல்நலம் இல்லாதவர். வீட்டில் வறுமை. பள்ளியில் கற்றது எழுதப் படிக்க, கொஞ்சம் கணக்கு, அவ்வளவுதான். 14 வயதில் பைண்டிங் கடை வேலை. பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படித்தார். 1812-ல் விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, தானே பைண்டு செய்து அவருக்கே அனுப்பினார். 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் ஆனார். 1831-ல் அவர் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இன்றைய ஜெனரேட்டருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் அடிப்படை.

1845-ல் பலமான மின்காந்தத்தின் துருவங்களுக்கு நடுவே ஒரு கண்ணாடித் துண்டைத் தொங்கவிட்டார். பல வருடம் முன்பு லென்சுக்காக அவரே காய்ச்சிய கண்ணாடி அது. கரண்ட் கொடுத்ததும் அது குறுக்காகத் திரும்பியது! பிஸ்மத், மரம், ஆப்பிள், இறைச்சி என்று ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார். காந்தத்துக்கு அசையாத பொருளே இல்லை, அளவுதான் வேறு என்று தெரிந்தது. பிஸ்மத்தைக் காந்தம் தள்ளியது.

காரணம் அவர் காலத்தில் தெரியவில்லை. 1867-ல் அவர் மறைந்து 30 வருடம் கழித்துத்தான் எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்பட்டது. ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். காப்பரில் பெரும்பாலும் ஒன்றை ஒன்று அடித்துவிடும். மிஞ்சுவது லேசான தள்ளல். அலுமினியத்தில் லேசான இழுப்பு உண்டு, கைக்குத் தெரியாது. இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற சிலவற்றில் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் கூட்டம் கூட்டமாக ஒரே திசையில் அணிவகுக்கும். காந்தம் வந்ததும் அந்த அணிகள் அதன் பக்கம் சேரும், அதனால் ஒட்டுகிறது. இரும்பை 770 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சினால் அணி கலைந்துவிடும். அப்போது காந்தம் ஒட்டாது. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இரும்பு இருந்தும் அணுக்களின் அடுக்கு வேறு என்பதால் சாதாரணமாக ஒட்டுவதில்லை.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க வீட்டில் யாரும் கிடையாது. கணக்குப் பேப்பர் என்றால் வயிற்றைக் கலக்கும். உயர்கணிதம் தெரியாத ஃபாரடே தான் கண்டதைப் படம் படமாக வரைந்து வைத்தார். அதைச் சமன்பாடாக்கியவர் மாக்ஸ்வெல். சர் பட்டம் தேடி வந்தபோதும் வேண்டாம் என்றவர் அந்தக் கொல்லர் மகன். படிக்காத வீட்டில் பிறந்தது குறையல்ல நண்பர்களே. கேள்வியைப் பாதியில் விடுவதுதான் குறை!