கல் பேசும் மொழி கற்ற மீனாட்சி!

குட்டீஸ்... மாமல்லபுரத்திற்கு சுற்றுலா போயிருக்கிறீர்களா? ஐந்து ரதங்களையும், கடற்கரைக் கோவிலையும் பார்த்து வாயைப் பிளந்திருப்பீர்கள். அவற்றை உருவாக்கியது பல்லவ மன்னர்கள் என்று பாடத்திலும் படித்திருப்பீர்கள். ஆனால், அந்தக் காலத்தில் மக்கள் என்ன வரி கட்டினர்? பிள்ளைகள் எங்கே படித்தனர்? ஊர்ச்சபை எப்படி நடந்தது? இதையெல்லாம் தேடித் தேடி எழுதி வைத்த ஒரு பெண்ணின் கதை தான் இது.

அவர் பெயர் மீனாட்சி. 1905-ம் ஆண்டு, செப்டம்பர் 12-ம் தேதி சென்னையில் பிறந்தார். அப்பா பாலகிருஷ்ணன், உயர் நீதிமன்றத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். அம்மா மங்களம்மாள். மீனாட்சி சிறுமியாக இருந்தபோதே அப்பா இறந்து விட்டார். குடும்பத்திற்குப் பெரிய இடி அது. பெண் பிள்ளைகளை பள்ளிக்கூடத்திற்கு அனுப்பவே தயங்கிய காலம். அப்பா இல்லாத வீட்டுப் பெண்ணின் படிப்பு பாதியில் நின்றிருந்தாலும், யாரும் வியந்திருக்க மாட்டார்கள்.

மீனாட்சியின் படிப்பு நிற்கவில்லை. சரித்திரம் என்றால் அவருக்கு உயிர். காஞ்சிபுரம், மாமல்லபுரம், புதுக்கோட்டை என்று பழைய கோவில்களையும் குகைகளையும் தேடிப் போய்ப் பார்த்தார். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் சரித்திரம் படித்து பி.ஏ., பட்டம் பெற்றார்.

அடுத்து எம்.ஏ., படிக்க வேண்டும். அவர் சேர விரும்பியது, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. இப்போது தாம்பரத்தில் இருக்கிறதே, அதே கல்லூரி தான். அப்போது அது ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்கே மாணவர்கள் தான் படித்தனர். தனியாக ஒரு பெண்ணைச் சேர்க்க கல்லூரி யோசித்தது. அவருடைய சகோதரர் லட்சுமிநாராயணன், தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு தானே பொறுப்பு என்று உறுதி கொடுத்தார். அதன் பிறகே இடம் கிடைத்தது.

எம்.ஏ., முடித்ததும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியானார். அங்கே சரித்திரப் பேராசிரியராக இருந்தவர், கல்லிடைக்குறிச்சியில் பிறந்த நீலகண்ட சாஸ்திரி. பாண்டியர், சோழர் பற்றியெல்லாம் பெரிய நூல்கள் எழுதியவர். அவருடைய வழிகாட்டுதலில், பல்லவர் கால ஆட்சியையும், மக்கள் வாழ்க்கையையும் ஆராயத் தொடங்கினார் மீனாட்சி.

சரித்திர ஆராய்ச்சி என்றால் புத்தகம் புரட்டுவது மட்டும் அல்ல, குட்டீஸ். கோவில் சுவரில் உள்ள கல்வெட்டைப் படிக்க வேண்டும். செப்பேடுகளைப் படிக்க வேண்டும். எழுத்து தேய்ந்து போயிருந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? கல்லை நன்றாகக் கழுவி, ஈரக் காகிதத்தை அதன் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டுவார்கள். எழுத்துப் பள்ளங்களுக்குள் காகிதம் அமுங்கி விடும். மேலே மை ஒற்றினால், மேடான இடம் கறுப்பாகும். பள்ளமான எழுத்து வெள்ளையாகத் தெரியும். இதற்கு மைப்படி என்று பெயர். ஒரு வரிக்குப் பொருள் சொல்ல, பழைய தமிழும் தெரிய வேண்டும்; கிரந்த எழுத்தும், வடமொழியும் தெரிய வேண்டும்.

இப்படித் தேடியதில் கிடைத்த செய்திகள் சுவையானவை. அந்தக் காலத்தில் காஞ்சியில், கடிகை என்ற உயர்கல்விக் கூடம் இருந்தது. கர்நாடகாவில் இருந்து மயூரசர்மன் என்பவர் அங்கு படிக்க வந்தார். பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு சண்டை ஏற்பட, கோபத்தில் ஏட்டை வைத்து விட்டு வாளை எடுத்தார். கதம்ப அரசையே உருவாக்கினார்! கர்நாடகாவில் தாளகுண்டா என்ற ஊரில் உள்ள கல்வெட்டு இதைச் சொல்கிறது. புதுச்சேரி அருகே பாகூரில் இருந்த கல்லூரிக்கு, மூன்று ஊர்களின் வருமானத்தை பல்லவ மன்னர் தானமாகக் கொடுத்ததை ஒரு செப்பேடு சொல்கிறது.

ஆராய்ச்சி முடிந்தது. 1936-ல் மீனாட்சிக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. ஊசி போடும் டாக்டர் அல்ல. ஆராய்ச்சி செய்பவர்களுக்குத் தரும் பி.எச்டி., பட்டம். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-ல். அங்கே டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் மீனாட்சி தான்! அவரது ஆய்வு, 1938-ல் நூலாக வெளிவந்தது. இன்றும் பல்லவர் பற்றி எழுதுவோர் அதைப் புரட்டாமல் இருப்பதில்லை.

இத்தனை பெரிய படிப்பு படித்தவருக்கு உடனே வேலை கிடைத்திருக்கும் என்று தானே நினைக்கிறீர்கள்? அது தான் இல்லை. பல இடங்களில் முயற்சி செய்தும் நல்ல வேலை அமையவில்லை. ஆனாலும், அவர் சோர்ந்து உட்காரவில்லை. காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோவில் சிற்பங்களை ஆராயத் தொடங்கினார்.

அந்தக் கோவிலின் சுற்று மண்டபச் சுவரில் வரிசை வரிசையாகச் சிற்பங்கள் உண்டு. படக்கதை மாதிரி! மன்னர் இறந்து போகிறார். அவருக்கு வாரிசு இல்லை. காஞ்சிப் பெரியவர்கள், இரணியவர்மர் என்ற உறவினரிடம் சென்று, அவர் மகன்களில் ஒருவரை அனுப்பும்படி கேட்கின்றனர். மூத்த பிள்ளைகள் மறுத்து விடுகின்றனர். 12 வயதே ஆன கடைக்குட்டி பல்லவமல்லன், நான் போகிறேன் என்று கிளம்புகிறான்! அவன் தான் இரண்டாம் நந்திவர்மன். 60 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவன். சில சிற்பங்களின் கீழே இருந்த எழுத்துகளையும், சிற்பங்களையும், செப்பேடுகளையும் ஒப்பிட்டு, இந்தக் கல் கதையை விளக்கினார் மீனாட்சி.

மைசூர் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயில், மீனாட்சியின் திறமையை அறிந்தார். அவர் முயற்சியால், 1939-ல் பெங்களூரு மகாராணி கல்லூரியில் துணைப் பேராசிரியர் பணி கிடைத்தது. நல்ல காலம் பிறந்து விட்டது என்று நினைத்த வேளையில், உடல்நலம் கெட்டது. 1940, மார்ச் 3-ம் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 34 தான்.

வைகுண்டப் பெருமாள் கோவில் பற்றிய அவரது ஆய்வை, இந்தியத் தொல்லியல் துறை 1941-ல் நூலாக வெளியிட்டது. அதைக் கையில் வாங்கிப் பார்க்க அவர் இல்லை. ஆனால், அவர் படித்துச் சொன்ன கதை நமக்குக் கிடைத்து விட்டது.

பெரியகுளம், தேனி, கம்பம் பக்கத்துக் குட்டீஸ்... காஞ்சிபுரம் தூரமாச்சே என்று நினைக்காதீர்கள். உங்கள் மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டாரத்தில் உள்ள புலிமான்கோம்பையில், 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தனர். 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான தமிழி எழுத்து அவற்றில் இருக்கிறது. ஒரு கல், ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்த வீரனைப் பற்றியது. உங்களைப் போல அந்த மண்ணில் நடந்தவன் தான் அவனும்!

அடுத்த முறை பழைய கோவிலுக்குப் போனால், சுவரை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அதில் உங்கள் பெயரைக் கிறுக்கி விடாதீர்கள். வயல் ஓரத்தில் எழுத்துள்ள கல் கிடந்தால், அதை நகர்த்தாமல், உங்கள் சரித்திர ஆசிரியரிடம் சொல்லுங்கள். பிளஸ் 2 முடித்ததும், சரித்திரம் படிக்க ஆசை வந்தால், தயங்காமல் வீட்டில் கேளுங்கள். படிக்கப்படாத கற்கள் இன்னும் நிறைய இருக்கின்றன, குட்டீஸ்!