குழந்தையின் உயரத்தில் ஒரு வகுப்பறை

இன்று நம் பள்ளிகளில் மேசைகளைக் குழுக்குழுவாகச் சேர்த்துப் போடுகிறோம். வகுப்பின் ஓரத்தில் வாசிப்பு மூலை இருக்கிறது. வேண்டிய பொருளை மாணவர்களே எழுந்து சென்று எடுத்து வருகிறார்கள். இவை நமக்கு இயல்பாகத் தோன்றலாம். ஆனால், ஏறத்தாழ நூற்று இருபது ஆண்டுகளுக்கு முன்பு வகுப்பறை இப்படி இருக்கவில்லை. வகுப்பறையின் அமைப்பே குழந்தையின் கல்வியை வளர்க்கும் அல்லது தடுக்கும் என்று எடுத்துக்காட்டியவர்களுள் முதன்மையானவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

நாம் தேசிய தினம் கொண்டாடும் ஆகஸ்டு 31ஆம் நாளில்தான், 1870ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டின் கியாராவல்லே என்னும் சிற்றூரில் மரியா பிறந்தார். தந்தை அரசாங்க அலுவலர். தாய் புத்தகங்களை விரும்பிப் படிப்பவர். மரியாவுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் பெண்கள் படித்தால் ஆசிரியராகலாம் என்ற அளவிலேயே பலரும் எண்ணினர். மரியாவோ ஆண் பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். முதலில் பொறியியலாளராக விரும்பினார். பின்னர், மருத்துவம் படிக்க முடிவெடுத்தார்.

மருத்துவக் கல்லூரியில் அவருக்குப் பல தடைகள் காத்திருந்தன. ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் உடற்கூறு ஆய்வு செய்வது முறையன்று எனக் கருதப்பட்டது. அதனால், மற்ற மாணவர்கள் வீடு திரும்பிய பிறகு, ஆய்வுக்கூடத்தில் பிணங்களின் நடுவே அவர் தன்னந்தனியாக வேலை செய்தார். மனம் தளராமல் படித்து, 1896ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டத்தைப் பெற்ற முதல் பெண்களுள் அவரும் ஒருவர்.

மருத்துவரான மரியா, மனநலக் காப்பகங்களில் அடைக்கப்பட்டிருந்த குழந்தைகளைக் கண்டார். கற்க இயலாதவர்கள் என்று கைவிடப்பட்ட அவர்கள் இருந்த அறையில் தொட்டுப் பார்க்கவோ எடுத்து விளையாடவோ எதுவும் இல்லை. இக்குழந்தைகளுக்குத் தேவை மருந்தைவிடக் கல்வியே என்று அவருக்குத் தோன்றியது. இதார், செகன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை ஊன்றிப் படித்தார். 1900ஆம் ஆண்டில், இத்தகைய குழந்தைகளுக்கான பள்ளியொன்றின் பொறுப்பை ஏற்று, கையால் தொட்டுக் கற்கும் கருவிகளை உருவாக்கினார். அக்குழந்தைகளுள் சிலர் மற்ற மாணவர்களுக்கான பொதுத் தேர்வையே எழுதித் தேர்ச்சி பெற்றனர். எல்லாரும் அவரைப் பாராட்டினர். அவருக்கோ வேறொரு கேள்வி எழுந்தது. இவர்களே இவ்வளவு கற்கும்போது, நல்ல உடல்நலமுள்ள குழந்தைகள் ஏன் இன்னும் சிறப்பாகக் கற்கவில்லை?

விடை தேடிச் சாதாரணப் பள்ளிகளைக் கூர்ந்து கவனித்தார். குழந்தைகள் கனமான பலகைகளில் வரிசையாக அசையாமல் அமர்ந்திருந்தனர். பல மணி நேரம் குனிந்திருந்ததால் சிலருக்கு முதுகெலும்பு வளையும் ஆபத்தும் இருந்தது. இதற்குத் தீர்வாக, குழந்தையின் உடலை நேராக நிறுத்தும் புதுவகைப் பலகைகளை அறிஞர்கள் வடிவமைத்தனர். மாண்டிசோரி அம்மையார் இதை ஏற்கவில்லை. பலகையின் வடிவத்தை மாற்றுவதால் மட்டும் பயன் விளையாது. குழந்தையை அசையவிடாமல் கட்டிப்போடும் வழக்கமே மாற வேண்டும் என்பது அவர் கருத்து.

அக்கருத்தைச் செயலில் காட்ட 1907ஆம் ஆண்டில் வாய்ப்புக் கிடைத்தது. ரோமாபுரியின் சான் லொரென்சோ வட்டாரம் ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குச் சென்றதும், சிறு குழந்தைகள் அடுக்குமாடிகளில் கவனிப்பாரின்றிச் சுற்றினர், சுவர்களில் கிறுக்கினர். கட்டடத்தின் உரிமையாளர்கள் இக்குழந்தைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுமாறு அவரிடம் கேட்டுக்கொண்டனர். ஜனவரி 6ஆம் நாள், சுமார் ஐம்பது குழந்தைகளுடன் அக்கட்டடத்தின் ஓர் அறையில் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது.

தொடக்கத்தில் அங்கே வசதிகள் மிகக் குறைவு. கற்றல் கருவிகள் ஒரு பெரிய அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. ஆசிரியையே அவற்றை எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைப்பார். ஒரு நாள் அலமாரி பூட்டப்படாமல் இருந்தது. குழந்தைகள் தாங்களே திறந்து, தமக்கு விருப்பமான கருவிகளை எடுத்துக்கொண்டு வேலையில் ஆழ்ந்திருந்தனர். குழந்தைகளைத் தண்டிக்க வேண்டும் என்று ஆசிரியை எண்ணினார். அம்மையாரோ இதை வேறு விதமாகப் பார்த்தார். எது எங்கே இருக்கிறது என்பதைக் குழந்தைகள் அறிந்திருக்கிறார்கள். தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கவும் அவர்களால் முடிகிறது. எனவே, பூட்டிய பெரிய அலமாரிக்குப் பதிலாகக் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த தட்டுகளை அமைத்தார்.

அதன் பிறகு அறை முழுவதும் மாறியது. குழந்தையே தூக்கி நகர்த்தக்கூடிய இலேசான மேசை, நாற்காலிகள் செய்யப்பட்டன. கை கழுவும் தொட்டி தாழ்வாக வைக்கப்பட்டது. கரும்பலகையும் குழந்தையின் உயரத்திற்கு இறங்கி வந்தது. தரையில் அமர்ந்து வேலை செய்யச் சிறு விரிப்புகள் கொடுக்கப்பட்டன. குழந்தைகள் கவனித்து வளர்க்கச் செடிகளும் இருந்தன. இலேசான நாற்காலி எளிதில் சாய்ந்து விழுந்து ஓசை எழுப்புமே என்று சிலர் கேட்டனர். அந்த ஓசைதான் ஆசிரியர் என்பது அவருடைய விளக்கம். நாற்காலி விழுந்தால், தான் கவனமாக நடக்கவில்லை என்பதைக் குழந்தை தானே உணரும். அறையின் தரையில் ஏறக்குறைய பாதி, பொருள்கள் இன்றி, நடமாட இடமாக இருக்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

இந்தச் சிறிய அறையின் புகழ் விரைவில் பரவியது. 1915ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், கண்ணாடிச் சுவர்கள் கொண்ட வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டது. வெளியே கூட்டம் நின்று பார்க்க, உள்ளே 21 குழந்தைகள் தத்தம் வேலையில் மூழ்கியிருந்தனர். கல்விப் பிரிவின் இரண்டு தங்கப் பதக்கங்களையும் அவ்வகுப்பறையே வென்றது.

ஆனால், சொந்த நாட்டிலேயே அவருக்குச் சோதனை வந்தது. இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியின் ஆட்சி பள்ளிகளைத் தன் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவர முனைந்தது. அதற்கு அம்மையார் பணியவில்லை. 1934இல் நாட்டை விட்டு வெளியேறினார். ஸ்பெயினில் தங்கியிருந்தபோது, அங்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. இறுதியில் நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

1939ஆம் ஆண்டின் இறுதியில், தம் 69ஆம் வயதில், மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்றே அவர் வந்தார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் பயிற்சி பெற வந்தனர். அவர்களுக்காக ஓலைக் குடிசைகள் எழும்பின. நல்ல கல்விக்கு விலையுயர்ந்த கட்டடம் வேண்டியதில்லை என்பதற்கு அந்த ஓலைக் குடிசைகளே சான்று. பாய் விரித்து அமர்ந்து பழகிய நம்மவர்களுக்கு, விரிப்பின்மேல் அமர்ந்து கற்கும் அவருடைய முறை அந்நியமாக இருந்திருக்காது.

சில மாதங்களே தங்க எண்ணி வந்தவரைப் போர் அங்கேயே நிறுத்தியது. 1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியதும், இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசு இத்தாலியர்களைப் பகைவர்களாகக் கருதியது. மாரியோ தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. அவருடைய 70ஆம் பிறந்த நாளன்று, அரசு மாரியோவை விடுவித்தது. அந்தத் தாய்க்கு அதைவிடப் பெரிய பிறந்தநாள் பரிசு வேறென்ன இருக்க முடியும்?

பின்னர் சில ஆண்டுகள் கொடைக்கானலில் வாழ்ந்தார். அங்கே வெவ்வேறு வயதுக் குழந்தைகள் சேர்ந்து கற்றனர். மலையும் மரங்களும் பூச்சிகளும் அவர்களுக்குப் பாடமாயின. வகுப்பறை நான்கு சுவர்களோடு முடிவதில்லை என்னும் எண்ணம் அங்கே மேலும் வலுப்பெற்றது. இந்தியாவில் அவர் தங்கிய ஆண்டுகளில், ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நெதர்லாந்தில் தம் 81ஆம் வயதில் அவர் காலமானார்.

மாண்டிசோரி அம்மையாரின் வாழ்க்கை நமக்கும் நெருக்கமானதே. கோல சிலாங்கூர் முதல் சுங்கை ஆயர் தாவார் வரை, வட சிலாங்கூரின் தோட்டப்புறங்களில் நம் முன்னோர் உழைத்து வாழ்ந்தனர். பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பல தோட்டப் பள்ளிகளில் ஒரே கூடத்தில் பல வகுப்புகள் நடந்தன. வசதிக் குறைவால் அப்படி நேர்ந்தது. சான் லொரென்சோவின் தொழிலாளர் குழந்தைகளும் அப்படித்தான் ஒரே அறையில் கூடினர். மூத்தவர் இளையவருக்கு உதவ, இளையவர் மூத்தவரைப் பார்த்துக் கற்கும் வகையில், அந்தக் குறையையே அம்மையார் நிறையாக்கிக் காட்டினார். மாணவர் எண்ணிக்கை குறைந்து, இன்று கூட்டு வகுப்புகள் நடத்தும் சிறிய பள்ளிகளுக்கு இது நல்ல வழிகாட்டி.

கணினியும் திரையும் வகுப்பறைக்கு வந்துவிட்டன. ஆயினும், புதிய பொருள் எதை வாங்கினாலும் அம்மையார் எழுப்பிய கேள்வி பழமையடையவில்லை. இது குழந்தையின் கைக்கு எட்டுமா? குழந்தை இதைத் தானே பயன்படுத்த முடியுமா? இவ்விரண்டிற்கும் ஆம் என்று விடை கிடைக்கும் இடமே சிறந்த வகுப்பறை.