ஊருக்கே ஒரு எதிர் ஓட்டு: ஹிட்லர் படையில் சேர மறுத்த விவசாயி

1938 ஏப்ரல் 10. ஆஸ்திரியா முழுக்க ஓட்டுப்பதிவு. நாட்டை ஜெர்மனியோடு இணைச்சது சரியா, தப்பா என்பதுதான் கேள்வி. ஹிட்லரின் ராணுவம் ஒரு மாசத்துக்கு முன்பே உள்ளே வந்தாச்சு. ஆதரவாக ஓட்டுப் போடச் சொல்லி கத்தோலிக்க ஆயர்களே அறிக்கை விட்டிருந்தார்கள். அப்புறம் யார் எதிர்க்கப் போகிறார்கள்?

செயின்ட் ராடெகுண்ட் என்ற சின்ன கிராமத்தில் ஒருத்தர் எதிர்த்தார். ஒரே ஒருத்தர். அந்த ஒரு ஓட்டையும் உள்ளூர் அதிகாரிகள் மறைத்துவிட்டு, ஊரே ஒருமனதாக ஆதரித்ததாக அறிவித்தார்கள். ஹிட்லர் பிறந்த பிரவ்னாவ் ஊர் இருக்கும் அதே மாவட்டம் அது.

அந்த ஓட்டைப் போட்டவர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். அப்போது வயது 30. விவசாயி.

பைக் ஓட்டிய இளைஞன்

1907-ல் பிறந்தபோது அவருடைய அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பண்ணை வேலையாட்களான அவர்களுக்குக் கல்யாணம் செய்துகொள்ள வசதி இல்லை. அப்பா முதல் உலகப்போரில் இறந்துபோனார். அம்மா 1917-ல் ஒரு விவசாயியை மணக்க, அவர் பையனைத் தத்தெடுத்துத் தன் குடும்பப் பெயரைக் கொடுத்தார்.

சின்ன வயசிலிருந்தே சாமியார் மாதிரி வாழ்ந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். அடிதடிக்குப் பெயர்போனவர். இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கினார். ஊரில் முதல் பைக் அதுதான். 1933-ல் கல்யாணத்துக்கு வெளியே ஒரு பெண் குழந்தைக்கு அப்பா ஆனார். பிற்காலத்தில் இவர் வாழ்க்கையை எழுதிய சிலர் இதையெல்லாம் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். தாண்டத் தேவையே இல்லை. பிறவியிலேயே புனிதரான ஒருவரின் கதையாக இருந்தால், நமக்கு அதில் என்ன இருக்கிறது?

1936-ல் ஃபிரான்சிஸ்காவைக் கல்யாணம் செய்தார். தேனிலவுக்கு ரோமாபுரி போனார்கள். ஃபிரான்சிஸ்கா பக்தியுள்ளவர். இரண்டு பேரும் சேர்ந்து விவிலியம் வாசித்தார்கள், தினமும் ஜெபித்தார்கள். அடுத்தடுத்து மூன்று பெண் குழந்தைகள். நாஜி அரசு கொடுத்த குழந்தைகள் உதவித்தொகையை மட்டும் அவர் வாங்கவில்லை. கட்சிக்கு நிதி கேட்டு வந்தவர்களுக்கும் பைசா தரவில்லை.

சத்தியப்பிரமாணம் என்ற சிக்கல்

1940-ல் ராணுவத்திலிருந்து அழைப்பு வந்தது. போனார், பயிற்சியும் எடுத்தார். பண்ணையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று ஊர்த் தலைவர் சிபாரிசு செய்ததால் 1941 ஏப்ரலில் வீட்டுக்குத் திரும்பினார். ஆனால் அந்த சில மாசங்களில் நிறைய பார்த்துவிட்டார், கேட்டுவிட்டார். மனநலம் பாதித்தவர்களை அரசே கொல்கிறது என்ற சேதி அவர் காதுக்கு எட்டியது. அவருடைய பங்குத்தந்தையையே ஒரு பிரசங்கத்துக்காகக் கைது செய்திருந்தார்கள். இனி கூப்பிட்டால் போகக் கூடாது என்று முடிவெடுத்தார்.

ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். எந்தப் போருமே கூடாது என்பதல்ல அவர் வாதம். நாட்டைக் காக்கப் போராடுவது வேறு. அடுத்தவன் நாட்டுக்குள் புகுந்து பறிப்பது வேறு. ஜெர்மனி செய்தது இரண்டாவது. அப்படியானால் அதில் துப்பாக்கி தூக்குபவன் கொலை செய்யாதே, களவு செய்யாதே என்ற கட்டளைகளை மீறுகிறான். அதோடு, 1934 முதல் ஜெர்மன் வீரர்கள் விசுவாசப் பிரமாணம் எடுத்தது நாட்டின் பெயரிலோ சட்டத்தின் பெயரிலோ அல்ல, ஹிட்லர் என்ற தனிமனிதர் பெயரில். கடவுளுக்கு மட்டுமே தரக்கூடிய கீழ்ப்படிதலை ஒரு மனிதன் கேட்கிறான் என்று ஃபிரான்ஸ் பார்த்தார்.

ஆனால் அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்வதும் விவிலியம்தானே? ரோமையருக்குப் பவுல் எழுதிய கடிதம் அன்றைக்கு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் எல்லோர் வாயிலும் இருந்தது. கிராமத்துப் பள்ளிக்கூடப் படிப்பைத் தாண்டாத இந்த மனிதர் ராத்திரிகளில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி எழுதி இதற்கு விடை தேடினார். அதிகாரத்துக்குக் கட்டுப்படலாம், ஆனால் அது பாவம் செய்யச் சொல்லும் இடத்தில் அந்தக் கடமை நின்றுபோகிறது என்பது அவருக்குக் கிடைத்த விடை.

கிராமத்துக் கோயிலில் கோயில்பிள்ளை வேலையையும் ஏற்றுக்கொண்ட அவர், லின்ஸ் நகருக்குப் போய் ஆயர் ஃபிளீசரைச் சந்தித்தார். போர் நியாயமா என்று தீர்ப்புச் சொல்வது ஒரு குடிமகனின் வேலை இல்லை, அந்தப் பொறுப்பு ஆட்சியாளர்களுடையது. குடும்பத்தைக் காப்பாற்றுவதுதான் உன் கடமை என்கிற ரீதியில் ஆயர் பதில் சொன்னார். தன்னை உளவாளி என்று நினைத்து ஆயர் பயந்திருக்கலாம் என்பது ஃபிரான்ஸின் கணிப்பு. கெஸ்டபோ காலத்தில் அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பதில் பதில்தான்.

மனைவி, பிள்ளைகளை யோசித்துப் பார் என்று அம்மா கெஞ்சினார். சொந்தக்காரர்கள் திட்டினார்கள். குடும்பம் இருக்கிறது என்பதற்காக ஒரு தப்பு சரியாகிவிடுமா என்பதுதான் ஃபிரான்ஸ் திருப்பிக் கேட்டது. ஃபிரான்சிஸ்காவும் முதலில் மனசை மாற்றத்தான் பார்த்தார். எல்லோரும் அவரோடு சண்டை போட, நானும் சேர்ந்தால் அவருக்கு யாருமே இல்லாமல் போய்விடும் என்று நிறுத்திக்கொண்டார். இந்தக் கதையில் கஷ்டமான முடிவு யாருடையது என்று கேட்டால், பதில் அவ்வளவு சுலபமில்லை.

இருபது நிமிடம்

1943 பிப்ரவரியில் மறுபடி அழைப்பு. மார்ச் முதல் தேதி என்ஸ் ராணுவ முகாமுக்குப் போனார், மறுநாளே போரிட மறுப்பதாகச் சொன்னார், சிறை. காயம்பட்டவர்களைக் கவனிக்கும் மருத்துவப் பணி கொடுத்தால் செய்கிறேன் என்றார். அதை ஏற்கவில்லை. மே மாசம் பெர்லின் டேகல் சிறைக்கு மாற்றினார்கள். ஜூலை 6-ம் தேதி ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

ஒரு வாரம் கழித்து ஃபிரான்சிஸ்கா ஊர்ப் பாதிரியாரோடு பெர்லின் வந்தார். சந்திக்க இருபது நிமிடம்தான் கிடைத்தது. அதிலும் பெரும் பகுதி, மனசை மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பாதிரியார் வாதாடியதிலேயே போச்சு.

பெர்லினில் ஒரே ஒரு ஆறுதல் கிடைத்தது. ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற ஆஸ்திரிய குருவும் ஹிட்லர் பெயரில் பிரமாணம் எடுக்க மறுத்து, முந்தின வருஷம் கொல்லப்பட்டார் என்று சிறைக் குருவானவர் சொன்னார். தான் மட்டும் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று இரண்டு வருஷமாக அரித்த சந்தேகம் அன்றைக்குத்தான் தீர்ந்தது.

1943 ஆகஸ்ட் 9, பிராண்டன்பர்க் சிறையில் கில்லட்டினில் தலை துண்டிக்கப்பட்டது. வயது 36.

போர் அதனால் ஒரு நாள்கூட முன்னாடி முடியவில்லை. யாரையும் அவர் காப்பாற்றவும் இல்லை. இது தெரிந்தேதான் செய்தார். படைக்குப் போன அண்டை வீட்டாரை அவர் குறை சொன்னதும் இல்லை.

விட்டுப்போனவர்கள்

1946-ல் கன்னியாஸ்திரிகள் அஸ்தியை ஊருக்குக் கொண்டுவந்தார்கள், கோயில் சுவரோரம் புதைக்கப்பட்டது. அதே வருஷம் அவரைப் பற்றிய கட்டுரையை மறைமாவட்டப் பத்திரிகையில் போட ஆயர் ஃபிளீசர் சம்மதிக்கவில்லை. கடமையென்று நம்பிப் போரில் செத்த இளைஞர்கள்தான் பெரிய வீரர்கள் என்பது அவர் கருத்து. ஊரிலும் வீட்டுக்கு வீடு போரில் மகனை இழந்திருந்தார்கள்; போகாமல் இருந்திருக்கலாம் என்று நிரூபித்த ஒருவரைக் கொண்டாட அவர்களுக்கு மனசு வரவில்லை. மற்ற விதவைகளுக்குக் கிடைத்த பென்ஷன் ஃபிரான்சிஸ்காவுக்கு 1950 வரை கிடைக்கவில்லை. பண்ணையையும் மூன்று பெண்களையும் தனியாகப் பார்த்துக்கொண்டார்.

உலகத்துக்கு விஷயம் தெரிந்தது தற்செயலாக. ஹிட்லர் காலத்துக் கத்தோலிக்கர்களைப் பற்றி ஆராய வந்த அமெரிக்க சமூகவியலாளர் கார்டன் ஸான் கண்ணில் இந்தப் பெயர் பட்டது. ஊருக்கே போய் விசாரித்து 1964-ல் புத்தகம் எழுதினார். அடுத்த வருஷம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் யேகர்ஷ்டெட்டரின் உதாரணத்தை முன்வைத்தவர் தாமஸ் ராபர்ட்ஸ், பம்பாயின் முன்னாள் பேராயர். மனசாட்சியின் பெயரில் ஆயுதம் ஏந்த மறுப்பவர்களுக்குச் சட்டம் இடம் தர வேண்டும் என்று சங்கத்தின் ஏட்டில் எழுதப்பட்டது.

1997-ல் பெர்லின் நீதிமன்றம் மரண தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26-ல் லின்ஸ் பேராலயத்தில் அவருக்கு அருளாளர் பட்டம். 2019-ல் டெரன்ஸ் மாலிக் இயக்கிய எ ஹிடன் லைஃப் இவர் கதைதான்.

பட்டமளிப்பு நாளில் பேராலயத்தில் ஃபிரான்சிஸ்காவும் இருந்தார், 94 வயதில். கணவர் சிறைக்குப் போனதும் கோயில்பிள்ளை வேலையை எடுத்துச் செய்தவர் அவர்தான். 2013 மார்ச்சில், நூறு வயது நிறைந்து சில நாட்களில் இறந்தார்.