விரல்களால் பேசிய கிளாரா



கிளாரா ஷூமன் 1819 செப்டம்பர் 13-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தார். நாலு வயசு தாண்டியும் சரியாகப் பேச்சு வரலை. காது கேட்காத பிள்ளையோ என்று நினைச்சாங்க. ஆனால் அப்பா ஃபிரெட்ரிக் வீக் பியானோ சொல்லித்தர, 9 வயசிலேயே மேடை ஏறிட்டார்!

இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனைக் கல்யாணம் செய்ய அப்பா சம்மதிக்கலை. கோர்ட் வரை போய் அனுமதி வாங்கி, 1840-ல் மணந்தார். 1854-ல் கணவர் மனநோயால் மருத்துவமனையில் சேர்ந்தார். 1856-ல் இறந்தார். அப்போது கிளாராவுக்கு 36 வயசு, ஏழு பிள்ளைகள். பிள்ளைகளை மற்றவர் பொறுப்பில் விட்டுட்டு, நாடு நாடாகப் போய்க் கச்சேரி செய்துதான் குடும்பத்தைக் காப்பாற்றினார். கணவர் எழுதிய இசையையும் போன இடமெல்லாம் வாசித்துப் பரப்பினார்.

1878 முதல் ஃபிராங்க்ஃபர்ட் இசைப் பள்ளியில் பாடம் நடத்தினார். கடைசிக் கச்சேரி 1891-ல். 1896 மே 20-ல் மறைந்தார்.

ஈரோ வருவதற்கு முன் ஜெர்மனியில் இருந்த 100 மார்க் நோட்டில் ஒரு பக்கம் கிளாரா, மறுபக்கம் பியானோ!

நம் வகுப்பிலும் பேசாத பிள்ளைகள் இருப்பாங்க. அவங்க கையில் என்ன திறமை இருக்கோ, யாருக்குத் தெரியும்? ஒதுக்காதீங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி