தோட்டாவைத் தேடிய டெலிபோன்காரர்

கடற்கரையில ஒருத்தர் நீளமான கம்பு மாதிரி ஒண்ணை மணலுக்கு மேல அசைச்சுக்கிட்டே நடப்பார். திடீர்னு ஒரு சத்தம் வரும். குனிஞ்சு தோண்டுவார். யாரோ ஒரு அம்மா முந்தின நாள் தொலைச்ச கல்யாண மோதிரம் கையில வந்துடும். அவங்க அழுவாங்க, பார்க்கிற நமக்கும் தொண்டை அடைக்கும். இந்த மாதிரி வீடியோவை செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின ராத்திரி நீங்களும் பார்த்திருப்பீங்க. சரி, அந்த மெட்டல் டிடெக்டருக்குப் பின்னாடி இருக்கிற ஆள் யாருன்னு வைவாவுல கேட்டா என்ன சொல்வீங்க?

அலெக்சாண்டர் கிரஹாம் பெல்னு சொல்லிப் பாருங்க. எக்ஸ்டர்னல் சிரிப்பார். ஆனா பதில் முக்கால்வாசி சரிதான். கொள்கை அவர் ஒருத்தரோடது இல்ல. ஆனா அதை ஒரு உயிரைக் காப்பாத்துறதுக்காகத் தூக்கிட்டு ஓடினவர் அவர். அந்தக் கதையைத்தான் இப்ப சொல்லப்போறேன்.

பெல் பிறந்தது 1847 மார்ச் 3, ஸ்காட்லாந்தில் எடின்பரோ. அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. அப்பா பேச்சு உச்சரிப்பைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். வாயும் நாக்கும் எப்படி அசையணும்னு படக்குறியீடுகளா எழுதுற ஒரு முறையையே உருவாக்கியவர். அந்த வீட்டுல சத்தம்ங்கிறது சும்மா வர்ற விஷயமே இல்ல. அதுக்காக மெனக்கெடணும். பெல்லோட ரெண்டு சகோதரர்களும் அடுத்தடுத்து காசநோயில் இறந்துபோனாங்க. மிச்சமிருக்கிற ஒரே பையனையாவது காப்பாத்தணும்னு பெற்றோர் 1870-ல் கப்பலேறி கனடாவுக்குப் போனாங்க. அங்கிருந்து பெல், காது கேளாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க பாஸ்டன் வந்தார். அங்க அவர்கிட்ட படிக்க வந்தவர்களில் ஒருத்தர் மேபல் ஹப்பர்ட். 5 வயசுல காய்ச்சல் வந்து காது கேட்காமப் போனவர். 1877-ல் ரெண்டு பேருக்கும் கல்யாணம். கல்யாணப் பரிசா தன்னோட கம்பெனி பங்குகளில் 10 மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சம் எல்லாத்தையும் மேபல் பேருக்கே எழுதிக்கொடுத்துட்டார். நம்ம ஊர்ல சீர் எந்தப் பக்கத்துல இருந்து போகும்னு உங்களுக்கே தெரியும்.

டெலிபோன் கதை எல்லாருக்கும் தெரியும், அதனால வேகமாகக் கடந்துடறேன். 1876 மார்ச் 7-ஆம் தேதி பேட்டன்ட். எலிஷா கிரே என்பவரும் அதே விஷயத்துக்கு, பெல் மனு கொடுத்த அதே நாளில் மனு கொடுத்திருந்ததால், யார் முதல்ங்கிற சண்டை இன்னிக்கும் ஓயல.

நமக்கு வேணும்கிறது அதுக்கு அடுத்து வந்த தலைவலி. அந்தக் காலத்து டெலிபோன் லைன்கள் தந்திக் கம்பிகளுக்குப் பக்கத்துல ஓடும். தந்தியில் கரண்ட் விட்டு விட்டுப் போகும்போதெல்லாம் போன்ல கரகரன்னு இரைச்சல். நாம கிராஸ்டாக்னு படிக்கிறோமே, அதேதான். ஒரு கம்பியில் கரண்ட் மாறினா பக்கத்துக் கம்பியிலும் கரண்ட் தூண்டப்படும். பெல் இதுக்கு என்ன பண்ணார்னா, ஒண்ணுக்கொண்ணு எதிரா ரெண்டு கம்பிகளை வெச்சு, ரெண்டிலும் வர்ற இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு அமைதியாகிற மாதிரி பார்த்தார். அப்படிச் சமன் பண்ணி வெச்ச அமைப்புக்குப் பக்கத்துல ஒரு உலோகத்துண்டு வந்தா? சமநிலை கெட்டுப்போகும், ரிசீவர்ல சத்தம் திரும்ப வரும். லண்டனில் டேவிட் ஹியூஸும் 1879-ல் இதே யோசனையை இண்டக்‌ஷன் பேலன்ஸ்ங்கிற பேரில் ஒரு கருவியாகவே செய்து காட்டினார். அப்போதைக்கு அது லேப்ல விளையாடிப் பார்க்கிற பொருள்தான்.

1881 ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டை ஒருத்தன் பின்னாலிருந்து சுட்டான். ஒரு தோட்டா கையை உரசிட்டுப் போயிடுச்சு. இன்னொண்ணு முதுகுல நுழைஞ்சு உள்ளேயே தங்கிடுச்சு. எங்கே தங்கியிருக்குன்னு யாருக்கும் தெரியல. எக்ஸ்ரே வர இன்னும் 14 வருஷம் இருக்கு. டாக்டர்கள் என்ன பண்ணாங்கன்னா, கழுவாத விரலையும் கழுவாத கம்பியையும் காயத்துக்குள்ள விட்டுத் தேடினாங்க. கிருமி பற்றி ஐரோப்பாவில் லிஸ்டர் சொன்னதை அமெரிக்க டாக்டர்கள் பலர் அப்போ நம்பவே இல்ல.

பேப்பரில் செய்தியைப் பார்த்த பெல்லுக்குத் தன்னோட இரைச்சல் பிரச்சினை ஞாபகம் வந்துச்சு. தோட்டாவும் உலோகம்தானே? உடனே உதவிக்கு முன்வந்தார். வாஷிங்டன்ல இருந்த அவரோட வோல்டா லேபில் (டெலிபோனுக்காக பிரான்ஸ் கொடுத்த பரிசுப் பணத்துல ஆரம்பிச்ச லேப்) உதவியாளர் டெய்ன்டரோட சேர்ந்து ராத்திரி பகலா உட்கார்ந்தார். ஒரு காயிலுக்குள்ள விட்டு விட்டு கரண்ட் போகும். அது உண்டாக்கும் காந்தப்புலம் பக்கத்துல இருக்கிற உலோகத்துல சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு குட்டிக் காந்தப்புலத்தை உண்டாக்கும். ரெண்டாவது காயில் அதைப் பிடிச்சு டெலிபோன் ரிசீவருக்குக் கொடுக்கும். இவ்வளவுதான் கருவி. நம்ம மூணாவது செமஸ்டர் தியரிதான்.

ஆனா தியரி தெரிஞ்சா மட்டும் போதாது. தேட வேண்டியது ஈயத் தோட்டா. ஈயம் காந்தத்துல ஒட்டாது, மின்சாரத்தையும் சுமாராத்தான் கடத்தும். தாமிரத்துல 12-ல் ஒரு பங்குகூட வராது. அதனால சத்தம் ரொம்ப மெல்லிசா வரும். இறைச்சித் துண்டுக்குள்ள தோட்டாவைச் சொருகிப் பார்த்தாங்க. காயிலை மாத்தினாங்க, கெப்பாசிட்டர் சேர்த்தாங்க. உள்நாட்டுப் போர்ல குண்டடிபட்டு, தோட்டா உள்ளேயே இருக்க வாழ்ந்துக்கிட்டிருந்த பழைய சிப்பாய்கள் மேல வெச்சுப் பார்த்தாங்க. தோட்டா இருந்த இடத்துல சத்தம் வந்துச்சு. கருவி வேலை செஞ்சுது. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஜூலை 26-ஆம் தேதி வெள்ளை மாளிகையில் முதல் முயற்சி. படபடன்னு ஒரே இரைச்சல், ஒண்ணும் புரியல. திரும்பி வந்து பார்த்தா கெப்பாசிட்டரை ஒரு பக்கம் மட்டும்தான் இணைச்சிருக்காங்க. (லேப்ல அவுட்புட் வராம அரைமணி நேரம் கழிச்சு லூஸ் கனெக்‌ஷனைக் கண்டுபிடிச்ச அத்தனை பேரும் இங்க ஒரு நிமிஷம் மௌனம் காக்கலாம்.) சரி பண்ணிட்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி மறுபடி போனாங்க. இந்தத் தடவை சத்தம் வந்துச்சு. ஆனா ஒரு இடத்துல இல்ல. பெரிய பரப்பு முழுக்க லேசா, ஒரே மாதிரி.

பெல்லுக்கு இது உறுத்துச்சு. தோட்டா ஒரு புள்ளி மாதிரி, சத்தமும் ஒரு இடத்துலதான் கூடணும். படுக்கையைச் சுத்தி உலோகம் ஏதாவது இருக்கான்னு விசாரிச்சார். ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குக் கீழே இன்னொரு மெத்தை, முழுக்க இரும்புக் கம்பியால பின்னினதுன்னு அப்பதான் தெரிய வந்துச்சு. எங்க சந்தவாசல் பக்கம், ஆரணி வட்டாரத்துல தறியைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு பிடிபடும். பாவும் ஊடையுமா பட்டுநூலுக்குப் பதில் இரும்புக் கம்பி போட்டா எப்படி இருக்கும், அந்த மாதிரி ஒரு விரிப்பு. அதுக்கு மேல ஒரு மனுஷனைப் படுக்க வெச்சு, அவருக்குள்ள இருக்கிற ஒரு துளி ஈயத்தைத் தேடியிருக்காங்க.

நிறைய பேர் கதையை இங்கேயே முடிச்சுடுவாங்க. மெத்தை கெடுத்துச்சு, ஜனாதிபதி செத்தார், அவ்வளவுதான்னு. ஆனா பெல் அதே மாதிரி ஒரு மெத்தையை வரவழைச்சு சோதிச்சுப் பார்த்தார். அது மட்டுமே முழுக் காரணம்னு அவருக்கே திருப்தி வரல. உண்மையான சிக்கல் வேற இடத்துல இருந்துச்சு. தலைமை டாக்டர் பிளிஸ், தோட்டா வலது பக்கம்தான்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டார். தேடினதும் வலது பக்கத்துலதான். பெல் கேட்ட அந்தத் தெளிவில்லாத சத்தத்தையும், தான் சொன்னது சரின்னு காட்டும் சாட்சியா வெளியே அறிவிச்சுட்டார். கார்ஃபீல்ட் செப்டம்பர் 19-ஆம் தேதி இறந்தார். உடலைத் திறந்து பார்த்தப்போ தோட்டா முதுகெலும்புக்கு இடது பக்கம், கணையத்துக்குப் பக்கத்துல, காயிலோட எல்லைக்கு எட்டாத ஆழத்துல இருந்துச்சு. அவரைக் கொன்னதுல தோட்டாவைவிடச் சீழுக்குத்தான் பங்கு அதிகம்னு பின்னாடி வந்த மருத்துவர்கள் பலர் சொல்றாங்க.

என்னைக் கேட்டா, கருவி மேல பழி போடவே முடியாது. வெக்காத இடத்துல அது என்ன பதில் சொல்லும்?

இந்த ஓட்டத்துக்கு நடுவுல பெல் வீட்டுல நடந்ததை அதிகம் பேர் சொல்றதில்ல. அதே ஆகஸ்ட்ல, 15-ஆம் தேதி, மேபலுக்குக் குறைமாசத்துல ஒரு ஆண் குழந்தை பிறந்துச்சு. எட்வர்ட்னு பேர், காசநோய்ல போன தம்பியோட பேர். மூச்சு விட முடியாம சில மணி நேரத்துலயே குழந்தை போயிடுச்சு. அதுக்கு அடுத்து பெல் செஞ்ச கருவி எது தெரியுமா? மூச்சு விட முடியாதவங்க உடம்பைச் சுத்தி மாட்டி, உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைச்சு நுரையீரலை இயங்க வைக்கிற ஒரு உலோகச் சட்டை. பின்னாடி வந்த அயர்ன் லங்குக்கு அது ஒரு முன்னோடி. 1883-ல் இன்னொரு மகனும் இதே மாதிரி பிறந்த உடனே இறந்தான்.

தோட்டா தேடுறதையும் அவர் விடல. ஊசி முனை தோட்டாவைத் தொட்டதும் ரிசீவர்ல சத்தம் கேட்கிற மாதிரி இன்னொரு கருவி செஞ்சார். எக்ஸ்ரே பரவும் வரைக்கும் டாக்டர்களுக்கு அது உதவுச்சு. ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டமே கொடுத்துச்சு. அப்புறம் விமானம், தண்ணிக்கு மேல எழும்பி ஓடுற படகுன்னு கடைசி வரை எதையாவது கழட்டி மாட்டிக்கிட்டே இருந்தார். 1919-ல் அவர் குழுவோட படகு மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்துல போய் உலக சாதனை பண்ணுச்சு.

அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். காது கேளாத பிள்ளைங்க சைகை மொழியை விட்டுட்டு வாயால பேசத்தான் பழகணும்னு பிடிவாதமா இருந்தவர். காது கேளாதவங்க தங்களுக்குள்ள கல்யாணம் பண்ணிக்கிறது நல்லதில்லன்னும் 1880-களில் எழுதினார். அந்தச் சமூகத்துல அவர் மேல இன்னிக்கும் இருக்கிற கோபம் நியாயமானதுன்னுதான் எனக்குத் தோணுது.

1922 ஆகஸ்ட் 2-ஆம் தேதி கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், தன் மலை வீட்டுல இறந்தார். அடக்கம் நடந்தப்போ வட அமெரிக்கா முழுக்க டெலிபோன்கள் ஒரு நிமிஷம் மௌனமா இருந்துச்சு.

அவர் கேட்ட சத்தம் மட்டும் நிக்கல. ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்த கெர்ஹார்ட் ஃபிஷர், விமானத்துக்கு திசை காட்டும் ரேடியோ கருவிகள் உலோகத்துக்குப் பக்கத்துல தப்பு காட்டுறதைக் கவனிச்சு, கையில தூக்கிட்டுப் போற டிடெக்டர் செஞ்சார். 1937-ல் பேட்டன்ட். ரெண்டாம் உலகப்போர்ல போலந்து இன்ஜினியர் யூசெஃப் கொசாட்ஸ்கி செஞ்ச கருவி எல் அலமைன் பாலைவனத்துல கண்ணிவெடி தேடுச்சு. போர் முடிஞ்ச பிறகு அதே வகைக் கருவிதான் கடற்கரைக்கு மோதிரம் தேட வந்துச்சு.

இப்ப உங்க வீட்டுக் கதைக்கு வருவோம். பாட்டியோட மோதிரம் களத்துமேட்டுல விழுந்துடுச்சுன்னா சந்தோஷப்படுங்க. மோதிரம் மூடின வளையம், சுழல் மின்னோட்டம் சுத்தி வர அதைவிட நல்ல பாதை கிடையாது. கணீர்னு சிக்னல் வரும். ஆனா தாலிச்சங்கிலின்னா கஷ்டம். 5 பவுனா இருந்தாலும் டிடெக்டருக்கு அது ஒரு பெரிய பொருள் இல்ல, நூத்துக்கணக்கான குட்டி வளையங்கள். கண்ணிக்குக் கண்ணி தொடர்பு சரியா இருக்காது, மின்னோட்டம் ஒவ்வொரு வளையத்துக்குள்ளேயே தனித்தனியா சுத்தும். அதனால சங்கிலியைவிட அதுல கோத்த தாலிப்பொட்டும் கொக்கியும்தான் சத்தம் போடும். மூக்குத்தின்னா காயில் கிட்டத்தட்ட தரையைத் தொடணும். தறிக்குழியில விழுந்த மூக்குத்தியைத் தேடணும்னா முதல்ல ஆணி, கம்பி, இரும்பு எடை எல்லாத்தையும் வெளியே எடுத்துடுங்க, காரணம் உங்களுக்கே தெரியும். சாக்லேட் சுத்தின அலுமினியத் தாளும் மெல்லிய தங்கமும் பல கருவிகளுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், அதனால கொஞ்சம் குப்பையும் தோண்டத்தான் வேணும்.

கடைசியா ஒண்ணு. மெஷின் கையில இருக்குன்னு எங்க ஊருக்குப் பக்கத்துல படவேட்டுக்குப் போய் சம்புவராயர் காலத்துப் புதையலைத் தேட ஆரம்பிச்சுடாதீங்க. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கு. மண்ணுல புதைஞ்சு கிடந்தது 10 ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தா கலெக்டருக்குத் தெரிவிச்சே ஆகணும். பாட்டி மோதிரத்துக்கு அந்தக் கவலை இல்ல.